ஐந்து முறை சரி, ஆறாவது முறை?



உங்கள் குறிப்பேட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, கீழ்க்காணும் எண்ணை எழுதிக் கொள்ளுங்கள்.

429,49,67,297

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. பார்ப்பதற்கு எந்தச் சிறப்பும் இல்லாத எண்தான். ஏதேனும் ஒரு கணக்குப் புத்தகத்தில் கண்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். ஆனால் இந்த எண்ணைப் பற்றி ஒரு பெரிய கணித மேதை தவறாக நம்பினார். அந்த நம்பிக்கை 92 ஆண்டுகள் அசையாமல் இருந்தது. அதை அசைக்கத் தேவைப்பட்டதோ ஒரே ஒரு வகுத்தல் கணக்கு! ஆறாம் வகுப்பு மாணவரும் செய்துவிடக்கூடிய கணக்கு அது.

அது என்ன நம்பிக்கை? எந்தக் கணக்கு அதைத் தகர்த்தது? இந்த எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்போமா? பென்சிலைக் கீழே வைத்துவிடாதீர்கள். வழி நெடுக அதற்கு வேலை இருக்கிறது.

எண் பிறந்த விதம்

சதுரங்கப் பலகைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4, நான்காவதில் 8 என்று ஒவ்வொரு கட்டத்திலும் இருமடங்காக்கிக் கொண்டே போக வேண்டும். பலகையில் 64 கட்டங்கள் உள்ளன. பாதிப் பலகையை, அதாவது 32 கட்டங்களை முடித்துவிட்டு 33-ஆவது கட்டத்துக்கு வந்தால், அங்கே வைக்க வேண்டிய மணிகள் 2³². அதாவது 429,49,67,296. அதனுடன் இன்னும் ஒரே ஒரு மணியைச் சேருங்கள். நம் எண் பிறந்துவிட்டது!

ஆகவே நம் எண்ணின் சுருக்கமான பெயர் 2³² + 1. கணிப்பொறிகள் பயன்படுத்தும் இரும எண் முறையில் இதை எழுதினால் மிக அழகாக இருக்கும். முதலில் ஒரு 1, பிறகு வரிசையாக 31 பூஜ்யங்கள், கடைசியில் மீண்டும் ஒரு 1.

ஃபெர்மாவின் நம்பிக்கை

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் தூலூஸ் நகரில் பியேர் த ஃபெர்மா என்பவர் வாழ்ந்தார். தொழிலால் அவர் நீதிமன்ற அதிகாரி. ஓய்வு நேரத்தில் எண்களோடு விளையாடுவது அவருக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. தாம் கண்டறிந்தவற்றை நண்பர்களுக்குக் கடிதமாக எழுதுவார். 1640-இல் எழுதிய கடிதம் ஒன்றில் அவர் ஒரு வகை எண்களைப் பற்றிக் குறிப்பிட்டார்.

2-இன் அடுக்குடன் 1 சேர்த்தால் பகா எண் கிடைக்குமா? இதுதான் கேள்வி. பகா எண் என்பது 1-ஆலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் என்பது நீங்கள் அறிந்ததே.

எல்லா அடுக்குகளும் இதற்கு ஏற்றவை அல்ல. அடுக்கில் 3, 5, 7 போன்ற ஒற்றைக் காரணி ஒன்று ஒளிந்திருந்தால் எண் உடைந்துவிடும். எடுத்துக்காட்டாக 2¹² + 1 என்பதைப் பாருங்கள். 12 என்பது 4 × 3. ஆகவே இதை 16³ + 1 என்று எழுதலாம். அ³ + 1 என்பது எப்போதும் அ + 1 ஆல் வகுபடும் என்று இயற்கணிதத்தில் படித்திருக்கிறீர்கள். எனவே 2¹² + 1 ஆனது 17-ஆல் வகுபட வேண்டும். உண்மைதான்: 4,097 = 17 × 241.

ஆகவே பகா எண் வேண்டுமானால், அடுக்கில் ஒற்றைக் காரணியே இருக்கக் கூடாது. அதாவது அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று இருமடங்கு வரிசையில்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட எண்களை வரிசையாக எழுதுவோம்.

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65,537
2³² + 1 = 429,49,67,297

இவற்றை இன்று ஃபெர்மா எண்கள் என்கிறோம். முதல் ஐந்தும் பகா எண்களே. ஐந்தாவதான 65,537-ஐச் சோதிக்க 256 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். (ஏன் 256? ஓர் எண் இரு காரணிகளாக உடையுமானால், அவற்றுள் சிறியது அவ்வெண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது.) அப்படிப்பட்ட பகா எண்கள் 54 உள்ளன. பொறுமையுள்ளவர்கள் ஓரிரு மணி நேரத்தில் செய்துவிடலாம்.

ஆனால் ஆறாவது எண்ணுக்கு இதே முறையில் போனால், 65,536 வரையுள்ள பகா எண்கள் அனைத்தையும் முயல வேண்டும். அவை மொத்தம் 6,542!

ஃபெர்மா இவ்வகை எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று நம்பினார். அதற்கு நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனாலும் நம்பிக்கை உறுதியாக இருந்தது. எண்ணிப் பார்த்தால், கையில் இருந்தவை ஐந்து சான்றுகள். சொன்னதோ முடிவில்லாத வரிசைக்கு.

ஆய்லரின் பதில்

ஆண்டுகள் உருண்டன. ஃபெர்மா 1665-இல் மறைந்தார். 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் தம் இளைய நண்பர் லியோனார்டு ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபெர்மாவின் இந்தக் கூற்று தங்களுக்குத் தெரியுமா, இதை எவரும் நிரூபித்ததாகத் தெரியவில்லையே என்று அதில் கேட்டிருந்தார். அப்போது ஆய்லர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார்.

1732-இல் பதில் கிடைத்தது. ஆய்லருக்கு அப்போது வயது 25. ஆறாவது ஃபெர்மா எண் பகா எண் அல்ல. அது 641-ஆல் வகுபடுகிறது என்று அவர் அறிவித்தார்.

429,49,67,297 = 641 × 67,00,417

ஓர் எண் போதும், ஒரு பொதுக் கூற்றை வீழ்த்த. ஐந்து முறை சரியாக வந்தது ஆறாவது முறை தவறிவிட்டது.

பெரியவர் சொன்னார் என்று நாம் இதை அப்படியே ஏற்க வேண்டாம். ஃபெர்மாவும் பெரியவர்தானே! நாமே சோதிப்போம். பத்து இலக்க எண்ணை நீளமாக வகுக்காமலே சோதிக்க ஒரு சுருக்குவழி இருக்கிறது. மீதியை வர்க்கப்படுத்தினால் வர்க்கத்தின் மீதி கிடைக்கும் என்பதே அவ்வழி. எடுத்துக்காட்டாக 10-ஐ 7-ஆல் வகுக்க மீதி 3. ஆகவே 100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி, 9-ஐ 7-ஆல் வகுக்கும்போது வரும் 2 ஆகத்தான் இருக்கும்.

இப்போது 641-க்கு வருவோம். 2⁸ = 256. இதை வர்க்கப்படுத்தினால் 2¹⁶ = 65,536. இதில் 641 × 102 = 65,382 போக மீதி 154. மீண்டும் வர்க்கப்படுத்துவோம். 154 × 154 = 23,716. ஆனால் 641 × 37 = 23,717. ஒன்றே ஒன்று குறைகிறது! ஆக, 2³² என்பது 641-இன் ஏதோ ஒரு மடங்குக்கு ஒன்று குறைவு. அந்த ஒன்றைச் சேர்த்துவிட்டால், அதாவது 2³² + 1 என்றால், மீதியின்றி வகுபடுகிறது. மூன்று வரியில் முடிந்துவிட்டது அல்லவா?

வகுக்காமலே விடை

இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. 641 என்ற எண்ணை இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள்.

641 = 640 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

இந்த இரண்டு உருவங்களும் சேர்ந்து நம் வேலையை முடித்துவிடுகின்றன. 640 = 5 × 2⁷ என்பதன் நான்காம் அடுக்கை எடுப்போம்.

640⁴ = 5⁴ × 2²⁸ = (641 − 16) × 2²⁸ = 641 × 2²⁸ − 2³²

(16 என்பது 2⁴ ஆதலால் 16 × 2²⁸ = 2³² என்பதைக் கவனியுங்கள்.) இதை மாற்றி எழுதி, இருபுறமும் 1 சேர்த்தால்,

2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1)

இனி 640⁴ − 1 என்பதை உடைக்க வேண்டும். இது இரு வர்க்கங்களின் வேறுபாடு. உங்களுக்குப் பழகிய சூத்திரம்தான்.

640⁴ − 1 = (640 − 1) × (640 + 1) × (640² + 1) = 639 × 641 × 4,09,601

இதிலும் 641 வந்துவிட்டது! பொதுவாக உள்ள 641-ஐ வெளியே எடுப்போம்.

2³² + 1 = 641 × (2²⁸ − 639 × 4,09,601)
= 641 × (26,84,35,456 − 26,17,35,039)
= 641 × 67,00,417

வகுத்தலே செய்யாமல் இரண்டாவது காரணியும் தானாகவே வந்து விழுந்துவிட்டது.

641 எங்கிருந்து வந்தது?

ஆய்லர் 641-ஐ எப்படிக் கண்டுபிடித்தார்? 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக் கொண்டே போனாலும் 116-ஆவது முயற்சியில் 641 வந்துவிடும். ஏனெனில் அது 116-ஆவது பகா எண். ஆனால் அத்தனை உழைப்பும் தேவையில்லை. எந்தப் பகா எண்களை முயல வேண்டும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. ஆய்லர் பின்னாளில் எழுதிய ஒரு கட்டுரையில் அதை விளக்கினார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த விதி ஃபெர்மாவின் சொந்தத் தேற்றம் ஒன்றிலிருந்தே பிறக்கிறது! அதையும் அவர் அதே 1640-இல்தான் கடிதத்தில் எழுதினார். அத்தேற்றத்தின் ஒரு பகுதி இது: 2 அல்லாத ஒரு பகா எண்ணை எடுத்துக் கொள்ளுங்கள். அதைவிட ஒன்று குறைந்த எண்ணை 2-க்கு அடுக்காக வையுங்கள். கிடைப்பதை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. சோதித்துப் பாருங்கள். 5-க்கு: 2⁴ = 16 = 15 + 1. 7-க்கு: 2⁶ = 64 = 63 + 1. 11-க்கு: 2¹⁰ = 1,024 = 11 × 93 + 1.

அடுத்து, மீதிகள் சுற்றிச் சுற்றி வரும் என்பதைக் கவனியுங்கள். 2, 4, 8, 16, 32 ... என்ற வரிசையை 17-ஆல் வகுத்தால் வரும் மீதிகள்: 2, 4, 8, 16, 15, 13, 9, 1. பிறகு மீண்டும் 2, 4, 8 ... சுற்றின் நீளம் 8. மீதி 1 வரும்போதெல்லாம் ஒரு சுற்று முழுமையாக முடிந்துவிட்டது என்று பொருள்.

இனி நம் எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணுக்கு 2³² என்பது ஒன்று குறைவு. அதாவது மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. எனவே 64-ஆவது இடத்தில் சுற்று முடிகிறது. சுற்றின் நீளம் 64-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். ஆகவே அது 1, 2, 4, 8, 16, 32, 64 ஆகியவற்றுள் ஒன்று. 32 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால், 32-ஆவது இடத்திலேயே சுற்று முடிந்து மீதி 1 வந்திருக்கும். ஆனால் அங்கே வந்தது −1. ஆகவே சுற்றின் நீளம் சரியாக 64.

ஃபெர்மாவின் தேற்றப்படி, பகா எண்ணைவிட ஒன்று குறைந்த இடத்திலும் மீதி 1. அங்கும் சுற்று முடிய வேண்டும். எனவே அந்த எண் 64-இன் மடங்கு. முடிவு இதுதான்: 429,49,67,297-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும்.

அத்தகைய எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 ... இவற்றில் 65, 129, 321, 385, 513 ஆகியவை பகா எண்கள் அல்ல. மிஞ்சியவற்றால் நம் எண்ணை வகுத்தால் கிடைக்கும் மீதிகள் இவை.

193 — மீதி 109
257 — மீதி 2
449 — மீதி 325
577 — மீதி 288
641 — மீதி 0

ஆயிரக்கணக்கான முயற்சிகள் வேண்டியிருந்த இடத்தில் ஐந்தாவது முயற்சியிலேயே காரணி அகப்பட்டுவிட்டது! 1878-இல் பிரெஞ்சுக் கணிதவியலார் எதுவார் லூக்கா இவ்விதியை மேலும் கூர்மையாக்கினார். 64-க்குப் பதில் 128 என்றே கொள்ளலாம் என்று அவர் காட்டினார். அப்படியானால் முயல வேண்டியவை 257-உம் 641-உம் மட்டுமே.

சாவி ஃபெர்மாவின் பையிலேயே இருந்தது. பூட்டுக்கு முன்னால் நின்று அதை எடுத்துப் பயன்படுத்தியவர் ஆய்லர்.

இரண்டாவது சாட்சி

காரணியைக் கண்டுபிடிக்காமலே ஓர் எண் பகா எண் அல்ல என்று சொல்ல முடியுமா? முடியும். நம் எண்ணே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நான்கால் வகுக்கும்போது மீதி 1 தரும் பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். இதை நிரூபித்தவரும் ஆய்லரே. 13 = 9 + 4; 29 = 25 + 4. இவற்றுக்கு வேறு வழியே இல்லை. ஒரு வழிக்கு மேல் இருந்தால் அது பகா எண் அல்ல.

நம் எண்ணுக்கு ஒரு வழி பார்த்தவுடனே தெரிகிறது: 65,536² + 1². ஆனால் இதோ இன்னொரு வழி.

429,49,67,297 = 62,264² + 20,449²

பெருக்கிப் பாருங்கள். 62,264-இன் வர்க்கம் 387,68,05,696. 20,449-இன் வர்க்கம் 41,81,61,601. கூட்டினால் நம் எண் வந்துவிடும். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆகவே இது பகா எண் அல்ல. 641 என்ற பெயரை உச்சரிக்காமலே வழக்கு முடிந்துவிட்டது!

இந்த இரண்டாவது வழி எங்கிருந்து வந்தது? காரணிகளிலிருந்துதான். 641 = 25² + 4². 67,00,417 = 2,556² + 409². இரு வர்க்கங்களின் கூட்டலை இன்னொரு அத்தகைய கூட்டலால் பெருக்கினால், விடையும் இரு வர்க்கங்களின் கூட்டலாகவே வரும். அதுவும் இரண்டு வழிகளில். ஏழாம் நூற்றாண்டில் நம் நாட்டுப் பிரம்மகுப்தர் தந்த ஒரு பொது விதியின் எளிய வடிவம் இது.

முதல் வழி: 25 × 2,556 = 63,900; 4 × 409 = 1,636. கழித்தால் 62,264. பிறகு 25 × 409 = 10,225; 4 × 2,556 = 10,224. கூட்டினால் 20,449.

இரண்டாவது வழியில் கூட்டலையும் கழித்தலையும் இடம் மாற்றுங்கள். 63,900 + 1,636 = 65,536. 10,225 − 10,224 = 1. ஆகா! 65,536² + 1² என்பது இப்படித்தான் உருவானது. நம் எண்ணின் கடைசியில் தனியாக நிற்கும் அந்த 1, 10,225-க்கும் 10,224-க்கும் உள்ள வேறுபாடு!

பக்கத்து வீட்டு எண்

நம் எண்ணிலிருந்து 2 கழித்தால் 429,49,67,295. சதுரங்கப் பலகையின் முதல் 32 கட்டங்களிலும் உள்ள மணிகளின் மொத்தம் இதுதான். இது 2³² − 1. இரு வர்க்கங்களின் வேறுபாடு என்ற சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால்,

2³² − 1 = (2¹⁶ + 1)(2⁸ + 1)(2⁴ + 1)(2² + 1)(2 + 1)

அதாவது 429,49,67,295 = 3 × 5 × 17 × 257 × 65,537. முதல் ஐந்து ஃபெர்மா எண்களும் இங்கே கூடி நிற்கின்றன! ஆறாவது எண் அவற்றில் எதனாலும் வகுபடாது என்பதும் இதிலிருந்து தெளிவு. எதனால் வகுத்தாலும் மீதி 2. சற்று முன் 257-க்கு மீதி 2 வந்தது நினைவிருக்கிறதா?

ஃபெர்மாவின் நம்பிக்கை பொய்த்தாலும் அந்த ஐந்து பகா எண்களும் வீண் போகவில்லை. 1796 மார்ச்சு 30-இல், 18 வயது நிரம்பிய ஜெர்மானிய இளைஞர் காஸ், 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டார். 3, 5, 15 பக்கங்கள் கொண்டவற்றைப் பழைய கிரேக்கர்கள் அறிந்திருந்தனர். 17-க்கு வழி அதுவரை எவருக்கும் தெரியாது.

பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறான ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்கும்போதே அப்பலகோணத்தை இவ்வாறு வரைய முடியும். 1801-இல் வெளியான தம் நூலில் காஸ் இதைக் கூறினார். மற்றவற்றை வரைய முடியாது என்பதன் முழு நிரூபணத்தை 1837-இல் வான்ட்செல் தந்தார். நமக்குத் தெரிந்த ஐந்து பகா எண்களைக் கொண்டு 31 ஒற்றைப்படைப் பலகோணங்கள் கிடைக்கின்றன. அவற்றில் மிகப் பெரியதற்கு எத்தனை பக்கங்கள் தெரியுமா? 429,49,67,295!

ஆறாவதுக்குப் பிறகு

ஏழாவது ஃபெர்மா எண் 2⁶⁴ + 1. இதில் 20 இலக்கங்கள். 1880-இல், 80 வயதைக் கடந்த லாந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர் இதையும் உடைத்துவிட்டார். 2,74,177 இதன் சிறிய காரணி. எட்டாவது எண்ணின் காரணிகள் 1970-இல் கணிப்பொறியின் துணையுடன் கிடைத்தன. ஆறாவது முதல் 33-ஆவது வரையுள்ள ஃபெர்மா எண்கள் அனைத்தும் பகா எண்கள் அல்ல என்பது இன்று நிரூபிக்கப்பட்டுவிட்டது. எல்லாமே பகா எண்கள் என்று நம்பப்பட்ட வரிசையில், ஐந்துக்கு மேல் ஒன்றுகூட அகப்படவில்லை!

அவற்றுள் 25-ஆவது எண்ணுக்கு ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. 1999-இல் அது பகா எண் அல்ல என்று கணிப்பொறிகள் காட்டியபோது, ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலே காட்டின. இதற்கான சோதனையை 1877-இலேயே பெப்பின் என்பவர் வகுத்திருந்தார். அது 3-ஐ மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்தி மீதி பார்க்கும் முறை. நாம் 641-க்குச் செய்த அதே வேலைதான். அளவு மட்டும் பெரியது.

இனி, ஒரு விதி ஐந்து முறை சரியாக வந்துவிட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால், ஆறாவதைச் செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஆறும் சரி என்றால், ஏன் அப்படி வருகிறது என்று கேளுங்கள். காரணம் கிடைக்கும்வரை அது ஊகம்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

1. 67,00,417 பகா எண்தானா? இதன் பகாக் காரணி எதுவானாலும் நம் எண்ணுக்கும் காரணியாகும். எனவே லூக்காவின் விதிப்படி அது 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். வர்க்கமூலம் 2,589-க்கும் குறைவு. அந்த எல்லைக்குள் உள்ள அத்தகைய பகா எண்கள் 257, 641, 769, 1,153, 1,409 ஆகிய ஐந்தே. வகுத்துப் பாருங்கள். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622 என்று வந்தால் உங்கள் கணக்குச் சரி.

2. 17 முதல் தொடங்கி எல்லா ஃபெர்மா எண்களும் 7-இல் முடிகின்றன. காரணம் என்ன? (துப்பு: 16-இன் வர்க்கம் எந்த இலக்கத்தில் முடிகிறது?)

3. 2³² என்பது 2,74,177 × 15,665-ஐவிட எவ்வளவு குறைவு என்று காணுங்கள். அந்த விடையை வர்க்கப்படுத்தி, 2,74,177 × 866-உடன் ஒப்பிடுங்கள். 1880-இல் லாந்த்ரி சொன்னது சரிதான் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

விடை சரியா என்று எவரையும் கேட்கத் தேவையில்லை. பெருக்கிப் பாருங்கள், எண்களே சொல்லிவிடும்.